வளைவில் டொக், ஹம்பில் டம்: பழைய ஸ்போர்ட்டி கார்களில் ஸ்ட்ரட் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

செங்கோட்டையில் கிளம்பி, புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூரில் இறங்குவதற்குள் காரின் முன்பக்கத்தில் இருக்கிற எல்லாக் கோளாறும் வாய் திறந்துவிடும். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடித்துப் பிடித்து வளைவுகளின் உள்பக்கத் தாரை அலை அலையாகத் தள்ளி வைத்திருக்கும். தென்மேற்குப் பருவமழையில் ஓரம் அரிக்கும். கேரள எல்லை தாண்டினால் பள்ளிக்கூடம், முக்கு, கோயில் என்று ஊருக்கு ஊர் ஹம்பு, அதாவது வேகத்தடை. நேர் சாலையில் சத்தமே காட்டாத கார் இந்த மலைப்பாதையில் கடகடக்கத் தொடங்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "ஸ்ட்ரட் போச்சு, ஜோடியா மாத்திடுங்க."

அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் பர்ஸை எடுக்காதீர்கள். சக்கரத்தின் அதிர்வைத் தாங்குகிற ஸ்ட்ரட் என்பது ஒரே சாமான் இல்லை. சாக் அப்சார்பர், காயில் ஸ்ப்ரிங், மேலே ரப்பர் மவுண்ட், அதற்குள் ஒரு பேரிங், நடுவே கடைசி இடியைத் தாங்கும் நுரைக்கட்டையான பம்ப் ஸ்டாப்பர், தூசி மறைக்கும் பூட் என்று பல பாகங்கள் சேர்ந்த அடுக்கு அது. ஒவ்வொன்றும் கெடும்போது ஒவ்வொரு விதமாகக் கத்தும். அதோடு, ஸ்ட்ரட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற லிங்க் ராடும், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கிற லோயர் ஆர்மும் கெட்டாலும் பழி ஸ்ட்ரட் மேல்தான் விழும். பலேனோ, பாலியோ 1.6, ஐகான், பழைய லான்சர் மாதிரி வண்டிகளை ஆசைக்கு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இவற்றுக்கு நல்ல ஸ்ட்ரட் கிடைப்பதே அரிதாகி வருகிறது. தேவையில்லாமல் கழற்றிப் போட்டால் அடுத்த ஜோடிக்கு அலைய வேண்டியிருக்கும்.

இந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் விண்ணப்பித்தது 1947-ல். 1950-ல் பிரிட்டனில் வந்த ஃபோர்டு கான்சல் காரில்தான் இது முதலில் ஓடியது. அப்புறம் போர்ஷே 911-ன் முன்பக்கத்திலும், டாட்சன் 240இசட்டின் நான்கு சக்கரங்களிலும் வந்தது. நம் ஊரில் 1999 முதல் 2007 வரை விற்ற மாருதி பலேனோவுக்கும் நான்கு பக்கமும் ஸ்ட்ரட்தான். இந்த அமைப்பில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். மேலே மவுண்ட் பேரிங், கீழே பால் ஜாயிண்ட் என்கிற பந்து மூட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே, ஸ்டீரிங் திருப்பும்போது முன் ஸ்ட்ரட் முழுவதுமே சேர்ந்து திரும்புகிறது. சாதாரண சாக் அப்சார்பர் துள்ளலை அடக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரட்டோ சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கவும் வேண்டும். வளைவில் வருகிற பக்கவாட்டு அழுத்தத்தில் ஒரு பங்கு ஸ்ட்ரட்டின் நடுக் கம்பியின் மேலும், எண்ணெய் கசியாமல் தடுக்கிற அதன் சீலின் மேலும் விழும்.

சத்தம் எங்கே, எப்போது

பாட்டை அணைத்து, ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்குங்கள். மலைப்பாதையில் பாறைச் சுவர் ஓரமாக இரண்டாவது கியரில் மெதுவாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். எந்தப் பக்கச் சக்கரம் என்று தெரிந்துவிடும். பின் சீட்டில் ஒருவர் இருந்தால் முன்னாலா பின்னாலா என்பதும் தெரியும். பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஒருவரை ஸ்டீரிங்கைத் திருப்பச் சொல்லி, பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட் மேல் விரலை வைத்துப் பாருங்கள். காது ஏமாற்றினாலும் விரல் ஏமாற்றாது.

நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். சிறு குழியிலா, பெரிய ஹம்பிலா? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? பிரேக் போட்டால் மாறுகிறதா? மழையில் கூடுகிறதா, குறைகிறதா? இந்தப் பதில்களோடு பட்டறைக்குப் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மெதுவாகப் போகையில், சிறு குழிகளில் 'கடக் கடக்'

இருபது, முப்பது வேகத்தில் இடது சக்கரம் ஒரு குழியிலும் வலது சக்கரம் இன்னொரு குழியிலும் மாறி மாறி இறங்கும்போது காலடியில் உலோகச் சத்தம். வேகம் கூட்டினால் காணாமல் போகும். இரு சக்கரமும் ஒன்றாக ஏறுகிற ஹம்பில் அவ்வளவாக வராது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான்.

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இரு பக்கத்தையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியை ஸ்ட்ரட்டோடு சேர்க்கிற சின்னக் கம்பி இது. சில வண்டிகளில் ஸ்ட்ரட்டுக்குப் பதில் லோயர் ஆர்மோடு இணைந்திருக்கும். பல கார்களில் இரண்டு நுனியிலும் குட்டிப் பால் ஜாயிண்ட் இருக்கும். அதன் ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே போனால் ஒரு மழைக்காலம் தாங்காது. இரு சக்கரமும் ஒரே அளவு ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படாது, லிங்க் ராடுக்கும் வேலை இல்லை. ஹம்பில் சத்தம் வராததற்குக் காரணம் இதுதான்.

உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. இரண்டு பக்க லிங்க் ராடுகளையும் கழற்றி வைத்துவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் விடை கிடைத்தது. கழற்றிய நிலையில் வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும் என்பதால் மலைப்பாதை பக்கம் போகவே கூடாது. தெருமுனை வரை போதும்.

நட்டைக் கழற்றும்போது பந்து சேர்ந்து சுற்றும். நடுவில் ஆலன் சாவியோ பின்னால் மெல்லிய ஸ்பேனரோ போட்டுப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். துரு ஏறிச் சுற்றிக்கொண்டே இருந்தால் நட்டை அறுத்துவிடுவதுதான் வழி. எப்படியும் தூக்கிப் போடப்போகிற சாமான். ஆரியங்காவு பக்கம் தெரிந்த ஒருவர் இரண்டு முன் ஸ்ட்ரட்டையும் மாற்றிய பிறகும் அதே சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் லிங்க் ராடு மாற்றியதும் நின்றது. இந்தக் கதை அபூர்வம் இல்லை, வாரம் ஒன்று கேட்கலாம்.

லிங்க் ராடு சரியாக இருந்தும் சத்தம் தொடர்ந்தால், ஸ்டெபிலைசர் கம்பியை சப்ஃபிரேமோடு (வண்டிக்கு அடியிலிருக்கிற உலோகச் சட்டம்) பிடித்திருக்கிற ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். மழையில் ரப்பர் நனைந்ததும் சத்தம் குறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அதுவேதான்.

நின்ற இடத்தில் ஸ்டீரிங் திருப்பினால் 'டொய்ங்'

பார்க்கிங்கில் திருப்பும்போது ஸ்ப்ரிங் முறுக்கி விடுபடுகிற சத்தம். பானெட்டுக்குள் கை வைத்தால் மவுண்ட் ஒரு குதி குதிக்கும். கூடவே வளைவு முடிந்து ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராமல் பாதியில் நிற்கும். இது மவுண்ட் பேரிங் இறுகிப்போனதன் அடையாளம். பேரிங் சுழலாததால் ஸ்ப்ரிங் கொஞ்சம் முறுக்கேறி, பிறகு சட்டென்று வழுக்கித் தன் நிலைக்கு வருகிறது.

சாக் நன்றாக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கும் ஸ்ட்ரட்டை முழுக்க இறக்கி, ஸ்ப்ரிங்கை அழுத்திப் பிரித்தாக வேண்டும். அதனால் பேரிங்கோடு மவுண்ட் ரப்பர், பம்ப் ஸ்டாப்பர், பூட் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். இதைக் கஞ்சத்தனத்துக்காகத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூலி ஒருமுறைதான் கொடுக்கிறோம்.

ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். முழு வளைப்பில் ஆக்சிலேட்டர் கொடுத்து நகரும்போது 'டக் டக் டக்' என்று சக்கர வேகத்துக்கு ஏற்ப வந்தால் அது டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயிண்ட். வண்டி அசையாமல் நிற்கும்போதே வந்தால்தான் மவுண்ட் பேரிங்.

மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கும்: ஹம்பில் ஏறி இறங்கும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து மந்தமான ஒரு குத்து. மவுண்ட் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவரைக் காரின் மூக்கை அமுக்கி விடச் சொல்லுங்கள். நடு நட்டு ரப்பரோடு சேர்ந்து அளவுக்கு மீறிப் பக்கவாட்டில் நகர்ந்தால் மவுண்ட் போய்விட்டது. மூடி திறந்திருக்கிற அந்த நேரத்திலேயே சுற்றியிருக்கும் தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். மழை அதிகம் வாங்குகிற வண்டிகளில் தண்ணீர் தேங்குகிற இடம் அது. தகடு பொரிந்திருந்தால் ஸ்ட்ரட்டை மறந்துவிட்டு முதலில் வெல்டரைப் பாருங்கள்.

ஹம்பில் 'டம்'

சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கி இடிக்கிற சத்தம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பம்ப் ஸ்டாப்பர் நுரை பொடிந்து உதிர்ந்திருக்கலாம். பழைய வண்டியில் பூட்டைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சள் தூள் மட்டுமே மிஞ்சியிருக்கும். சாக்கில் எண்ணெய் குறைந்து அமுங்கும் வேகத்தைத் தடுக்க முடியாமல் போயிருக்கலாம். மூன்றாவது, நம் இளவட்டங்களின் கைவேலை: வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எடுத்திருப்பார்கள்.

ஸ்ப்ரிங் அறுப்பதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறுத்தால் ஸ்ப்ரிங் விறைப்பாகும், ஆனால் சாக் அமுங்க மீதியிருக்கிற தூரம் குறைந்துவிடும். அறுபட்ட முனை கீழ்த் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் குழியில் முழுக்கத் தொங்கும்போது ஸ்ப்ரிங் தளர்ந்து இடம் மாறும். தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால் அந்த வண்டிக்கென்றே செய்த குட்டை ஸ்ப்ரிங்கும் அதற்கேற்ற சாக்கும் சேர்த்துப் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் அச்சன்கோவில் காட்டுப்பாதையில் அடிவயிறு உரசுவது உரசத்தான் செய்யும்.

துள்ளல் அடங்காதது, டயரில் மேடு பள்ளம்

பிரேக் போட்டால் மூக்கு குத்துவது, வளைவுக்குள் நுழைந்த பிறகும் ஒருமுறை ஆடி நிலைகொள்வது, அலை விழுந்த தாரில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளுவது. இவை சாக் தேய்ந்ததன் அடையாளங்கள். டயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவினால் இடைவெளி விட்டு மேடும் பள்ளமும் தட்டுப்படும். இப்படிப்பட்ட டயர் போடுகிற இரைச்சலை வீல் பேரிங் சத்தம் என்று நினைத்து பேரிங்கை மாற்றியவர்களும் உண்டு.

மூக்கை அமுக்கி விட்டுப் பார்க்கிற பழைய சோதனையை முழுக்க நம்ப வேண்டாம். நான்கைந்து முறை ஆடினால் சாக் செத்தது உறுதி. ஆனால் ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டது என்பதற்காக நல்ல சாக் என்று சொல்ல முடியாது. மவுண்டிலும் புஷ்ஷிலும் உள்ள இறுக்கமே அந்த ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். மலை இறக்கத்தில் வண்டி நடந்துகொள்ளும் விதம்தான் சரியான சாட்சி.

எண்ணெய்க் கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாக்கின் மேல் பகுதியில் லேசான ஈரப்படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. சீல் வழியே கொஞ்சம் எண்ணெய் வருவது இயல்பு. துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். மறுபடி சொட்டச் சொட்ட நனைந்து கீழ் வரை ஓடியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒன்று கசிந்தால் அதே அச்சில் இருக்கும் மற்றதையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக இருந்தால் அவசர பிரேக்கில் வண்டி ஒழுங்காக நிற்காது.

ஓட்டை போட்டு எண்ணெய் நிரப்பி, சீல் மாற்றி, வெல்டு வைத்துத் தருகிற ரீகண்டிஷன் வேலை ஊரில் நடக்கிறது. புது ஸ்ட்ரட் வந்து சேரும் வரை ஒப்பேற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். கேஸ் அடைத்த சாக்கில் அந்த அழுத்தம் திரும்ப வராது. கம்பியின் குரோம் பூச்சில் கீறல் இருந்தால் புதுச் சீலையும் அது சீக்கிரமே தின்றுவிடும். சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் பழைய நக்கிள் (சக்கர மையத்தைத் தாங்குகிற பாகம்), பழைய ஆர்ம் வாங்குவதில் தப்பில்லை. பழைய ஸ்ட்ரட் வாங்குவது பணத்துக்குக் கேடு. 240இசட் மாதிரி வெளிநாட்டுப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு வசதி உண்டு: அதன் ஸ்ட்ரட் குழாயின் மேல் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே புதுக் கார்ட்ரிட்ஜை இறக்கலாம். இறக்குமுன் குழாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற வேண்டும். கார்ட்ரிட்ஜின் சூட்டை வெளிக்குழாய்க்குக் கடத்துவது அந்த எண்ணெய்தான்.

ஒரு மூலை தாழ்ந்து நிற்பது

டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஸ்ப்ரிங்கின் கடைசிச் சுற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கீழ்த் தட்டுக்குள் மறைந்திருக்கிற சுற்றுதான் துருப்பிடித்து உடையும். உடைந்த துண்டு தட்டிலேயே இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அந்த முனை வெளியே நழுவினால் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். இந்த நிலையில் மலை ஏறாதீர்கள், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

பிரேக் போட்டால் ஒரு 'டொக்', எடுத்தால் ஒரு 'டொக்'

இது ஸ்ட்ரட் இல்லை. லோயர் ஆர்மின் பின் புஷ் கிழிந்து, ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது. சக்கரத்தைத் தூக்கி, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே கடப்பாரை நுனியை வைத்து நெம்பினால் தெரியும். அதே நேரத்தில் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால், ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்ட் அல்லது ஸ்டீரிங் ராக். பால் ஜாயிண்டில் ஆட்டம் கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

மாற்றுவதென்று முடிவானால்

சமதளம், ஜாக்கியோடு ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குக் கல். இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். ஸ்ப்ரிங்கைப் பிரிக்கும் திட்டம் இருந்தால், சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். அந்த நட்டுதான் அழுத்தி வைத்த ஸ்ப்ரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸ் கிளிப்பையும், ஏபிஎஸ் வயர் இருந்தால் அதையும், லிங்க் ராடையும் விடுவியுங்கள். ஸ்ட்ரட்டை நக்கிளோடு பிடிக்கிற இரண்டு போல்ட்டுகளின் நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரச் சாய்வு அங்கேதான் மாறும். சில ஃபோர்டு கார்களில் இரண்டு போல்ட்டுக்குப் பதில், நக்கிளின் குழிக்குள் ஸ்ட்ரட் சொருகி ஒரே போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அதில் சுத்தியலால் அடிப்பதைவிட, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, பிளவை லேசாக விரித்துத்தான் இறக்க வேண்டும். நக்கிள் விடுபட்டதும் கம்பியால் கட்டிவையுங்கள். வெளியே சாய விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் கழன்றுகொள்ளவும் கூடும். மேலே இருக்கிற மவுண்ட் நட்டுகளைக் கடைசியில், ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு கழற்றுங்கள். பலேனோவின் பின் ஸ்ட்ரட்டுக்கு மேல் நட்டுகள் வண்டிக்குள்ளே, பின் சீட்டை ஒட்டிய உறைகளுக்கு அடியில் இருக்கும்.

ஸ்ப்ரிங் கம்ப்ரசரை எதிரெதிராக மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் இறுக்குங்கள். ஸ்ப்ரிங் தட்டை விட்டு விலகிக் கையால் சுழற்ற வருகிற வரை நடு நட்டைத் தொடாதீர்கள். ஸ்ட்ரட்டின் இரு முனைக்கு நேராகவும் முகமோ காலோ இருக்கக் கூடாது. கம்ப்ரசர் இல்லாமல் ஆளை மேலே சாய வைத்துக் கழற்றுகிற இடத்தில் உங்கள் வண்டியை விடாதீர்கள். கம்ப்ரசர் இல்லையா, ஸ்ட்ரட்டை மட்டும் இறக்கிக் கையோடு எடுத்துக்கொண்டு தென்காசியிலோ புனலூரிலோ கம்ப்ரசர் இருக்கிற பட்டறைக்குப் போங்கள்.

பிரித்த பாகங்களைக் கழன்ற வரிசையிலேயே தரையில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, கம்பியை முழுக்க அமுக்கி முழுக்க இழுக்கிற வேலையை நான்கைந்து முறை செய்யுங்கள். படுத்துக் கிடந்ததில் உள்ளே போன காற்று வெளியேறும். கேஸ் அடைத்தது என்றால் விட்டதும் தானாக மேலே வரும், சாதாரண எண்ணெய் சாக் வராது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கம்பியை பிளையரால் பிடிக்கவே கூடாது. நுனியில் ஆலன் சாவி போட்டுப் பிடித்துத்தான் நட்டை இறுக்க வேண்டும்.

ஸ்ப்ரிங் முனை கீழ்த் தட்டின் தடுப்பில் முட்டி நிற்கட்டும். பேரிங்கின் மேல் கீழ் மாறாமல் பாருங்கள். தானாக இறுகுகிற நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதிது போடுங்கள். எந்த நட்டு எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வீல் நட் மட்டும் இப்படிப்பட்ட கார்களில் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். லோயர் ஆர்ம் புஷ்ஷைத் தொட்டிருந்தால் அதன் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும்.

மாற்றிய பிறகும் சத்தம் என்றால்

உடனே புது ஸ்ட்ரட்டைக் குறை சொல்ல வேண்டாம். நடு நட்டு முழுக்க இறுகவில்லை என்றால் சிறு குழியிலும் 'டக்' என்று வரும். ஸ்ப்ரிங் முனை தடுப்பில் உட்காராமல் இருந்தால் முதல் சில ஹம்புகளில் 'கிளாங்' என்று ஒரு சத்தத்தோடு இடம் மாறும். பிரேக் ஹோஸ் கிளிப்பை மாட்ட மறந்திருந்தால் முழு வளைப்பில் ஹோஸ் டயரில் உரசும். இதை மட்டும் சத்தத்துக்குக் காத்திராமல் கண்ணால் பார்த்துவிடுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். பெயிண்ட் குறியில் சரியாக வைத்திருந்தாலும் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து தென்மலை வரை ஒருமுறை போய்வந்த பிறகு, வண்டி ஆறியதும் மவுண்ட் நட்டு, நக்கிள் போல்ட், லிங்க் ராடு, வீல் நட் நான்கையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று கால் சுற்றுக்கு மேல் இறங்கினால், அதை இறுக்கிவிட்டு மட்டும் விடாமல் கழற்றி நூலைப் பார்த்து, நட்டை மாற்றிவிடுங்கள்.